துப்பாக்கிக்குத் தோளா? தோளுக்குத் துப்பாக்கியா?

செருப்பு பத்தவில்லை என்றால் செருப்பை மாற்றுவார்களா, காலை வெட்டுவார்களா? சின்னக் குழந்தைகூட பதில் சொல்லிவிடும். ஆனால் ஆயிரம் டாலர், இரண்டாயிரம் டாலர் என்று எண்ணிக் கொடுத்து செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்கும் அமெரிக்கர்களில் பலர் காலை வெட்டிக்கொள்ளும் வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பெனி பெயரைப் பார்ப்பார்கள், விளம்பரத்தைப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பதைப் பார்ப்பார்கள். தன் கை நீளத்தையும் கழுத்து உயரத்தையும் மட்டும் பார்க்கமாட்டார்கள். அப்புறம் தோள் கன்றிப்போய், பறவையும் விழாமல், "எனக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

"பி.காம் படிக்கிற பசங்க படிக்கிற இடத்துல துப்பாக்கி மேட்டர் எதுக்குப்பா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பொருளை "சராசரி மனிதன்" என்ற கற்பனை ஆளை மனதில் வைத்துச் செய்து சந்தையில் விட்டால், சராசரியில் அடங்காத ஆள் என்ன விலை கொடுக்கிறார் என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற உதாரணம் கிடைப்பது கஷ்டம். அதோடு, இந்தத் துப்பாக்கி பிறந்ததே ஒரு ராயல்டி தகராறில்தான். காமர்ஸ் மாணவர்களுக்கு வேறென்ன வேண்டும்? :-)

முதலில் அடிப்படை

ஷாட்கன் என்பது ரைபிள் மாதிரி ஒற்றைக் குண்டைத் துல்லியமாக அனுப்பும் கருவி இல்லை. ஒரே தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் சிறுகுண்டுகள் இருக்கும். வெளியே போனதும் அவை கொத்தாக விரியும். பறக்கும் வாத்து, காட்டுக்கோழி, விளையாட்டுக்காக இயந்திரம் வீசும் களிமண் தட்டு ஆகியவற்றைச் சுட இதுதான் வசதி. (களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, சுண்ணாம்புக்கல் தூளையும் தாரையும் கலந்து செய்வது. விட்டம் சுமார் 11 செ.மீ.)

அளவைச் சொல்வதற்கு "கேஜ்" என்ற வார்த்தை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிடித்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் 12 கேஜ் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மி.மீ. அதே ஒரு பவுண்டை 20 உருண்டைகளாகப் பிடித்தால் 20 கேஜ், சுமார் 15.6 மி.மீ. ஆக, எண் பெரிதானால் குழல் சின்னது.

செமி ஆட்டோமேட்டிக் என்றால், ஒரு தடவை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா வெடிக்கும்; காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். அடுத்த தடவை சுட மறுபடி விசையை அழுத்த வேண்டும். சினிமாவில் வருவதுபோல அழுத்திப் பிடித்தால் மழையாகப் பொழியாது.

ராயல்டி கேட்டவரின் கதை

உலகத்தில் வெற்றிகரமாக ஓடிய முதல் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கனைச் செய்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். அதுவரை அவர் தன் கண்டுபிடிப்புகளை வின்செஸ்டர் கம்பெனிக்கு ஒரே தொகையாக விற்றுக்கொண்டிருந்தார். இந்த ஷாட்கனுக்கு மட்டும், "விற்கிற ஒவ்வொன்றுக்கும் எனக்கு ராயல்டி வேண்டும்" என்றார். வின்செஸ்டர் மறுத்துவிட்டது. 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பெனித் தலைவரைப் பார்க்கப் போனார். பிரௌனிங் வெளியே காத்திருந்தபோதே அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். மனிதர் அசரவில்லை. கப்பலேறி பெல்ஜியம் போய் எஃப்.என் கம்பெனியிடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் ஆட்டோ-5. 20-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை, கிட்டத்தட்ட நூறு வருடம், அது தயாரிப்பில் இருந்தது. 20 லட்சத்துக்கும் மேல் விற்றது.

கதையில் முக்கியமான திருப்பம் இனிமேல்தான். விட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்ட வின்செஸ்டர் சொந்தமாக ஒன்றைச் செய்யப் பார்த்தது. ஆனால் தோட்டாவை ஏற்ற போல்ட்டில் ஒரு கைப்பிடி வைத்து இழுக்கும் முறை பிரௌனிங்கின் காப்புரிமைக்குள் இருந்தது. சரி, கைப்பிடியே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். குழலையே கையால் பிடித்துப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதுதான் 1911-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 1911. அந்தக் காலத்துத் தோட்டா காகிதக் கூட்டில் வரும். ஈரம் பட்டால் ஊதி, குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை எடுக்கச் சிலர் துப்பாக்கியின் அடியைத் தரையில் ஊன்றி, குழலின் வாய் தன் முகத்துக்குப் பக்கத்தில் இருக்க, கீழே அழுத்தினார்கள். உள்ளே இருந்த தோட்டா வெடித்துவிட்டால்? அந்தத் துப்பாக்கிக்கு அமெரிக்கர்கள் வைத்த பட்டப்பெயர் "விதவையாக்கி".

அந்தத் துப்பாக்கி சுடுபவருக்குப் பொருந்துகிறதா என்பதைவிட, காப்புரிமை வக்கீலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் செய்யப்பட்டது. இன்றைக்குக் கடையில் இருப்பவை அந்த மாதிரி ஆபத்தானவை இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் யாரையோ மனதில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. அந்த "யாரோ" வாங்குகிறவர்தானா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கடையில் நடக்கும் பட்டிமன்றம்: கேஸா, இனர்ஷியாவா?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குப் போய் செமி ஆட்டோ என்று வாயைத் திறந்தால் போதும், உடனே பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும். இரண்டு கட்சி.

முதல் கட்சி, கேஸ். தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுவில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள சிறு துளை வழியாக எடுத்து, ஒரு பிஸ்டனைத் தள்ளி, அந்த விசையில் போல்ட்டைத் திறப்பது. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகையைப் பிரபலமாக்கியது. இன்றைக்கு பெரெட்டா ஏ400, ஏ300, மாஸ்பெர்க் 940 எல்லாம் இந்தக் கட்சி.

இரண்டாவது கட்சி, இனர்ஷியா. இத்தாலியின் உர்பினோ நகரத்து பெனெல்லி கம்பெனியின் அடையாளமே இதுதான். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, கனமான போல்ட் மட்டும் தன் நிலையிலேயே நிற்கப் பார்க்கும். (பஸ் திடீரென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறாரே, அதே சங்கதிதான்.) இதனால் உள்ளே ஒரு தடித்த ஸ்பிரிங் அமுங்கும், அது விரியும்போது போல்ட் திறக்கும். வாயு, பிஸ்டன் எதுவும் கிடையாது.

இரண்டிலும் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு.

கேஸ் வகையில் உதை மெதுவாகத் தெரியும். மொத்த உதை மாயமாகிவிடாது. ஒரே குத்தாக விழுவது கொஞ்சம் நீண்ட தள்ளலாக மாறுகிறது. விலை: எடை கூடும், கரி படியும், ஒழுங்காகத் துடைக்க வேண்டும். ரெமிங்டன் 1100-இல் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அது அறுந்தால் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்றும் ஒற்றைத் தோட்டா துப்பாக்கியாகிவிடும். விவரமானவர்கள் உபரியாக இரண்டு வளையம் பையில் வைத்திருப்பார்கள்.

இனர்ஷியா வகை மெலிசு, எடை குறைவு, உள்ளே அழுக்கு சேராது. சேற்றுக்கும் குளிருக்கும் நடுவே நிற்கும் வாத்து வேட்டைக்காரர்களுக்கு இது தெய்வம். விலை: உதை சுருக்கென்று தெரியும். துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் வேலையே நடக்கும் என்பதால், மிக லேசான தோட்டா போட்டாலோ, துப்பாக்கியில் கனமான சாமான்களை மாட்டினாலோ சில சமயம் அடுத்த தோட்டா ஏறாது. போல்ட் லேசாகத் தட்டுப்பட்டு முழுசாக மூடாமல் நின்றுவிட்டால், விசையை அழுத்தும்போது "க்ளிக்" என்ற சத்தம் மட்டும்தான் வரும். இது பெனெல்லிக்காரர்கள் மத்தியில் பிரபலமான புகார். 2017-இல் வந்த சூப்பர் பிளாக் ஈகிள் 3-இல் இதைச் சரிசெய்ய ஒரு ஏற்பாடு வைத்தார்கள்.

இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களே. ஆனால் பட்டிமன்றம் இதிலேயே ஆரம்பித்து இதிலேயே முடிந்துவிடுகிறது. இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெனெல்லியை 1983-இலேயே பெரெட்டா வாங்கிவிட்டது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் கல்லா ஒரே குடும்பத்தில்தான்!

மூன்றரை அங்குல மோகம்

அடுத்த மயக்கம், தோட்டாவின் நீளம். 1991 முதல் அமெரிக்கா முழுவதும் வாத்து, காட்டு வாத்து வேட்டையில் ஈயக் குண்டு தடை செய்யப்பட்டது. நீர்நிலையில் விழும் ஈயத்தைத் தின்று பறவைகள் விஷமேறிச் செத்தது காரணம். பதிலுக்கு எஃகுக் குண்டு வந்தது. எஃகு ஈயத்தைவிட எடை குறைவு. அதனால் சீக்கிரம் வேகமிழக்கும். ஈடுகட்டப் பெரிய குண்டுகள், அவற்றுக்கு இடம் கொடுக்க மூன்றரை அங்குலத் தோட்டா. அந்த 1991-இலேயே மூன்றரை அங்குலத் தோட்டாவை ஏற்கும் பெனெல்லி சூப்பர் பிளாக் ஈகிள் சந்தைக்கு வந்தது. சரியான நேரம், சரியான பொருள். மார்க்கெட்டிங் பாடத்தில் சேர்க்கலாம்.

ஆனால் அந்த நீளத் தோட்டாவின் உதை கொஞ்சநஞ்சம் இல்லை. எஃகுத் தோட்டாக்களும் அன்றைக்கு இருந்ததைவிட இப்போது தேறிவிட்டன. பிஸ்மத், டங்ஸ்டன் குண்டுகளும் வந்துவிட்டன. மூன்று அங்குலத் தோட்டா வாத்து வேட்டையின் பெரும்பகுதிக்குப் போதும். ஆனாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று மூன்றரை அங்குலத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. ஆளில்லாத மாடிக்கு லிஃப்ட் போட்டு வைப்பது மாதிரி.

எத்தனை தோட்டா கொள்ளும் என்பதும் அப்படித்தான். வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1935-லிருந்து மத்திய அரசு விதி. அதற்காகவே உள்ளே ஓர் அடைப்பை வைத்து விடுகிறார்கள். களிமண் தட்டு விளையாட்டில் ஒன்றோ இரண்டோதான் ஏற்றுவார்கள். பிறகு கொள்ளளவைப் பார்த்து வாங்க என்ன இருக்கிறது?

யாரும் கேட்காத நாலு அளவு

ஷாட்கனில் பின்பக்கக் குறிகாட்டி கிடையாது. முன்னால், குழலின் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும் இருக்கும். அப்படியானால் பின்பக்கக் குறிகாட்டி எது? சுடுபவரின் கண்தான்! கன்னம் கட்டையில் எங்கே உட்காருகிறதோ அங்கேதான் கண் நிற்கும். கண் எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் குண்டு போகும்.

இதைக் கணக்காகவே போட்டுவிடலாம். கண்ணுக்கும் நுனி மணிக்கும் இடையே சுமார் 1 மீட்டர். கண் 1 மி.மீ. தள்ளி நின்றால், 30 மீட்டர் தூரத்தில் 3 செ.மீ. தள்ளிப் போகும். 1 செ.மீ. தள்ளி நின்றால் 30 செ.மீ. குண்டுக் கொத்தின் பயனுள்ள வட்டம் ஏறக்குறைய 75 செ.மீ. விட்டம், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 37 செ.மீ.தான். கன்னம் ஒரு செ.மீ. தப்பாக உட்கார்ந்தால், மிகச் சரியாகக் குறிபார்த்த ஆளும் கொத்தின் ஓரத்தால்தான் பறவையைத் தொடுவார். அந்தப் பறவை விழாது. காயத்தோடு எங்கேயோ போய்ச் சாகும். பொருந்தாத துப்பாக்கி வெறும் தோள்வலி விவகாரம் இல்லை என்பது இதனால்தான்.

அந்தக் கண்ணைச் சரியான இடத்தில் நிறுத்துவது பின்பக்கக் கட்டை, அதாவது ஸ்டாக் (பங்குச் சந்தை ஸ்டாக் இல்லை!). அதில் பார்க்க வேண்டியது நான்கு.

1. நீளம்: விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை. கடையில் இருக்கும் பெரியவர்களுக்கான துப்பாக்கிகளில் இது 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, 14.25, 14.375 என்று இருக்கும். நீளம் அதிகமானால் தோளுக்குத் தூக்கும்போது சட்டையில், அக்குளில் மாட்டும். குறைவானால் சுடும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். குளிர்காலத்துத் தடித்த கோட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செப்டம்பரில் டெக்சாஸில் புறா சுடும்போது மெல்லிய சட்டையில் சரியாக இருந்தது, டிசம்பரில் ஆர்கன்சாஸில் வாத்துக்காகக் கோட்டு போட்டதும் நீளமாகிவிடும்.

2. தாழ்வு: குழலின் மேல்கோட்டிலிருந்து கட்டையின் மேல்விளிம்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. நீண்ட கழுத்துக்காரருக்கு ஒரு அளவு, குட்டைக் கழுத்துக்காரருக்கு ஒரு அளவு. கண்ணின் உயரத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

3. பக்கச் சாய்வு: கட்டை குழலுக்கு நேராக இல்லாமல் வலதுபக்கமோ இடதுபக்கமோ லேசாக ஒதுங்கியிருப்பது. அகன்ற முகம் உள்ளவருக்கு இது இல்லையென்றால் கண் நடுக்கோட்டுக்கு வராது.

4. அடிச்சரிவு: தோளில் படும் முனையின் கோணம். இது தப்பினால் கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தும். பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

இதோடு இரண்டு உபரிக் கேள்விகள். ஒன்று, ஆதிக்கக் கண் எது? இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி நடுவே ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்துப் பொருளைப் பார்த்து, ஒரு கண்ணை மூடினால் தெரிந்துவிடும். வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பது அரிதில்லை. இது தெரியாமல் வருடக்கணக்கில் தவறவிட்டுக்கொண்டு தோட்டாவைக் குறை சொல்பவர்கள் உண்டு. இரண்டு, இடது கையா? செமி ஆட்டோவில் காலிக் கூடு வலதுபக்கம் பறக்கும். இடது தோளில் வைத்துச் சுடுபவருக்கு அது முகத்துக்கு முன்னால் போகும். இடது கைக்காரர்களுக்கென்றே மாற்றிச் செய்யப்பட்ட மாடல்களை பெனெல்லி மாதிரி கம்பெனிகள் விற்கின்றன. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

செமி ஆட்டோவில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பெரெட்டா, பெனெல்லி போன்றவற்றின் பெட்டிக்குள்ளேயே மெல்லிய தகடுகள் சில கொடுக்கிறார்கள். கட்டைக்கும் உடம்புக்கும் நடுவே அவற்றை மாற்றி வைத்தால் தாழ்வையும் பக்கச் சாய்வையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். தனிச் செலவு ஏதும் இல்லை. ஆனால் பெட்டி திறந்த நாளிலிருந்து அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்!

உதைக்கும் ஒரு கணக்கு உண்டு

ஒரே தோட்டா என்றால், துப்பாக்கி எடை குறையக் குறைய உதையின் ஆற்றல் கூடும். 3.6 கிலோ துப்பாக்கியில் சுடும் தோட்டாவையே 2.9 கிலோ துப்பாக்கியில் சுட்டால் உதையின் ஆற்றல் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். தெற்கு டகோட்டாவின் புல்வெளியில் நாள் முழுக்க நடந்து காட்டுக்கோழி தேடுபவர் சுடுவது நாலைந்து தோட்டா. அவருக்கு இலகுவான துப்பாக்கி வரம். களிமண் தட்டு சுடுபவர் ஒரு சுற்றுக்கு 25, நாலு சுற்றென்றால் 100 தோட்டா சுடுவார். அவருக்கு அதே இலகுத் துப்பாக்கி தண்டனை. ஆகவே, "எது நல்ல துப்பாக்கி?" என்ற கேள்விக்கு, "யார், எங்கே, ஒரு நாளைக்கு எத்தனை?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்பவர் விற்பனையாளரே தவிர ஆலோசகர் இல்லை.

ஜூன் மாதத்து யூனிஃபார்ம்

மினசோட்டா மாநிலத்தில் 2001-இல் சிறிதாக ஆரம்பித்த ஒரு முயற்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கான களிமண் தட்டு சுடும் லீக். இப்போது பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. 6-ஆம் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை, ஆணும் பெண்ணும் ஒரே அணியில். கைப்பந்து, ஓட்டப்பந்தயம் எதிலும் தேர்வாகாத பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு என்பதுதான் இதன் அழகு.

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயது நிரம்பாதவருக்கு ஷாட்கன் விற்கக்கூடாது. எனவே வாங்குவது பெற்றோர். அங்கேதான் சிக்கல். 12 வயதுப் பிள்ளைக்கு, அப்பா தன் அளவு 12 கேஜ் துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கிறார், அல்லது "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிதாக வாங்குகிறார்.

தமிழ்நாட்டில் ஜூன் மாதம் யூனிஃபார்ம் தைக்கும்போது எல்லா அம்மாக்களும் செய்வதுதான் இது: ரெண்டு இஞ்ச் கூடவே விடுங்க டெய்லர், அடுத்த வருஷத்துக்கும் ஆகும். யூனிஃபார்மில் இது புத்திசாலித்தனம். மடித்துத் தைத்துக்கொள்ளலாம், பெரிய சட்டை யாரையும் உதைக்காது. பெரிய துப்பாக்கி உதைக்கும். கட்டை நீளமென்றால் பிள்ளை பின்னால் வளைந்து நின்று அதைத் தாங்கும். அப்படி நின்றால் உதை தோளில் முழுசாக விழாமல் கையிலும் கன்னத்திலும் விழும். நாலு தடவை வலித்ததும் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும்: விசையை அழுத்துவதற்கு ஒரு நொடிக்கு முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும். இந்தத் திடுக்கிடல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. நல்ல பயிற்சியாளரே மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும். அதுவரை பிள்ளை காத்திருக்குமா? "எனக்கு இது வராது" என்று போய்விடும். கடைசி வரை அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, வராதது தன்னால் இல்லை, கட்டையின் ரெண்டு அங்குலத்தால் என்று.

பெண்களின் கதையும் இதுவே. அமெரிக்க ஆணின் சராசரி உயரம் சுமார் 175 செ.மீ., பெண்ணுடையது சுமார் 161 செ.மீ. ஆனால் கடையில் "ஸ்டாண்டர்ட்" என்று மாட்டியிருப்பது 175 செ.மீ. ஆளுக்கானது. ரொம்ப நாள் பெண்களுக்குக் கிடைத்தது, சிறுவர்களுக்கான மாடலோ ரோஸ் நிற பெயிண்ட் அடித்த ஆண்கள் மாடலோதான். 2014-இல் சைரன் என்ற பெயரில் பெண்களின் உடல் அளவுக்கென்றே துப்பாக்கிகள் வந்தன. முதல் செமி ஆட்டோ விற்பனைக்கு வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு! இவ்வளவு காலமும் "பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது தொழில். அளவு சட்டை தைக்காத கடையில் கூட்டம் இல்லையே என்று புலம்பினால் எப்படி?

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

"எங்க தாத்தா காலத்துல யாரு அளவெடுத்தா? எல்லாம் பழகிடும்" என்பது முதல் வாதம். பழகும், மறுக்க முடியாது. பழகியவர்கள் இன்றைக்குப் பேசுகிறார்கள். பழகாமல் விட்டுப் போனவர்கள் பேசுவதற்கு அங்கே இல்லை. தப்பித்தவர்களை மட்டும் எண்ணி முடிவெடுப்பது புள்ளியியலில் பாலபாடத் தவறு. தாத்தா காலத்து ஆட்டோ-5-இல்கூட, லேசான தோட்டாவுக்கும் கனமான தோட்டாவுக்கும் உள்ளே இருக்கும் உராய்வு வளையங்களை மாற்றி அடுக்க வேண்டும். அடுக்காமல் விட்டவரின் தோள் வாங்கிக் கட்டிக்கொண்டது. பொருத்தம் பார்க்கும் வேலை அப்போதும் இருந்தது.

"அளவு பார்ப்பது பணக்காரர் சமாச்சாரம்" என்பது இரண்டாவது. இதில் பாதி உண்மை. கட்டையைத் தனியாகச் செதுக்கித் தருபவர்கள் நிறையவே வாங்குவார்கள். ஆனால் தகடு மாற்றுவது இலவசம். கட்டையின் முனையில் வேறு தடிமனில் ரப்பர் திண்டு மாட்டுவது சின்னச் செலவு. குட்டைக் கட்டை போட்ட 20 கேஜ் மாடல்கள் பெரிய துப்பாக்கிகளைவிட விலை அதிகமில்லை. சுமார் ஆயிரம் டாலரில் கிடைக்கும் பொருந்திய துப்பாக்கி, இரண்டாயிரம் டாலரை ஒட்டி நிற்கும் பொருந்தாத துப்பாக்கியைவிட நன்றாகவே அடிக்கும். செலவுக் கணக்கில் பார்த்தாலும், கொஞ்ச வருடம் சுட்டால் தோட்டாவுக்குக் கொடுத்த பணம் துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். தவறவிடும் ஒவ்வொரு தோட்டாவும் நஷ்டக் கணக்கு.

"ஏற்கெனவே வாங்கியாச்சே, இனி என்ன செய்ய?" என்பது மூன்றாவது. போன பணம் போனதுதான். அதைக் காரணம் காட்டித் தோளையும் சேர்த்துக் கொடுப்பது இரட்டை நஷ்டம்.

வாங்கும் வரிசை

ஆக, வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இப்போது நடப்பது: கம்பெனி, இயந்திரம், தோட்டா நீளம், நிறம், கடைசியில் நேரமிருந்தால் ஆள். நடக்க வேண்டியது:

* முதலில் ஆள். எந்தக் கை, எந்தக் கண், எவ்வளவு உயரம், எந்த உடையில் சுடப்போகிறார்.

* இரண்டாவது வேலை. நடந்து வேட்டையாடவா, ஒரே இடத்தில் நின்று நூறு தட்டு சுடவா. முதலாவதற்கு இலகுவான இனர்ஷியா, இரண்டாவதற்குக் கனமான கேஸ் என்பது பொதுவாகச் சரிவரும். புதியவருக்கும் சின்ன உடம்புக்காரருக்கும் கேஸ் வகை 20 கேஜ் நல்ல தொடக்கம்.

* மூன்றாவது சோதனை. துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்து உறுதி செய்து, பாதுகாப்பான திசையில், கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்கி, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். நுனி மணி குழலின் நடுக்கோட்டில் தெரிந்தால் பொருத்தம் கிட்டத்தட்ட சரி. உலோகச் சுவர் மட்டும் தெரிந்தாலோ, கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தாலோ அது வேறு யாருக்கோ செய்தது.

* நான்காவது, பெரிய காகிதத்தில் சில தோட்டா சுட்டுப் பார்ப்பது. கொத்து எங்கே விழுகிறது என்று காகிதம் பொய் சொல்லாமல் காட்டும்.

* கம்பெனி பெயர் ஐந்தாவது. பழையது வாங்கினால் உதிரி பாகத்தையும் விசாரிக்க வேண்டும். ரெமிங்டன் 2018-இலும் 2020-இலும் திவாலாகி, துண்டு துண்டாக விற்கப்பட்டது. பெரிய பெயர் என்பது நிரந்தர உத்தரவாதம் இல்லை.

இந்த வரிசைக்கெல்லாம் மேலே பாதுகாப்பு. இரட்டைக் குழலை மடித்து வைத்தால் காலி என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். செமி ஆட்டோவில் அப்படித் தெரியாது. சுட்டவுடன் அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும். அதனால்தான் புதியவருக்கு ஒரே ஒரு தோட்டா மட்டும் ஏற்றச் சொல்லிக் கற்றுக்கொடுப்பதும், போல்ட்டைத் திறந்தே வைக்கச் சொல்வதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டிய பெட்டி. இதற்கு மனமில்லாதவருக்குப் பொருத்தமான துப்பாக்கி எந்தக் கம்பெனியிலும் இல்லை.

கடைக்காரர்களும் கிளப்புகளும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளப்பிலும் குட்டைக் கட்டை, நடுத்தரக் கட்டை, இடது கை என்று இரவல் துப்பாக்கி சில இருக்கட்டும். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் பிள்ளைகள் அதில் சுட்டுப் பார்க்கட்டும். கடையில், "என்ன பட்ஜெட்?" என்று கேட்பதற்கு முன்னால், "எங்கே, தோளில் வைத்துக் காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியில் எத்தனையோ பிள்ளைகள் இந்த விளையாட்டில் தங்குவார்கள். எத்தனையோ பறவைகள் காயத்தோடு பறந்துபோய்ச் சாகாமல் இருக்கும்.